இணைய இணைப்பு தரும் நிறுவனமே வீடியோ கிடங்கும் வைத்தால்?

இரவு எட்டு மணிக்கு மேல் நம் வீடுகளில் இணையம் படும் பாடு நமக்குத் தெரியும். ஒரே வைஃபைதான். ஆனால் ஒரு ஆப்பில் வீடியோ தடையின்றி ஓடுகிறது. இன்னொன்றில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோளாறு நம் மோடத்தில்தான் இருக்கும் என்று அதை அணைத்துப் போடுகிறோம். பல நேரங்களில் காரணம் அந்த வீடியோ எங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் உள்ள ஒரு சர்வரிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் படத்தை அனுப்பினால் கடலடி கேபிளுக்கும் நடுவிலுள்ள நிறுவனங்களுக்கும் பணம் கொட்ட வேண்டியிருக்கும். அதனால் படத்தின் நகலை ஊருக்கு ஊர் வைத்துவிடுகிறார்கள். சோப்பு கம்பெனி மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு வைப்பது போலத்தான். இதற்கு உள்ளடக்க விநியோக வலையமைப்பு, சுருக்கமாக சி.டி.என். என்று பெயர். 1998ல் தொடங்கிய ஆகமாய் நிறுவனம் இதையே தொழிலாக்கியது. நெட்ஃபிளிக்ஸ், கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த நகல் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்துவிடுகின்றன. நெட்ஃபிளிக்ஸ் அந்தப் பெட்டியை இலவசமாகவே தருகிறது. இணைய நிறுவனத்துக்கு வெளியிலிருந்து தரவு வாங்கும் செலவு குறைகிறது, பார்ப்பவருக்குப் படம் தெளிவாக வருகிறது.

இங்கேதான் இணைய நிறுவனங்களுக்கு ஒரு கணக்குத் தோன்றியது. சாலை நம்முடையது, அதன் ஓரத்தில் கிடங்கு வைத்து இன்னொருவர் சம்பாதிப்பானேன்? நாமே கிடங்கு கட்டி வாடகை வாங்கலாமே? அமெரிக்காவின் வெரைசான் 2013 டிசம்பரில் எட்ஜ்காஸ்ட் என்ற சி.டி.என். நிறுவனத்தையே வாங்கியது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. வீடியோ நிறுவனத்துக்கு எல்லா ஊர் மக்களும் வேண்டும். ஓர் இணைய நிறுவனத்தின் கிடங்கோ தன் சொந்த சந்தாதாரர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அருகில் இருக்கிறது. ஒரு நாட்டில் ஐந்து இணைய நிறுவனங்கள் இருந்தால் ஐந்து பேரிடம் தனித்தனி ஒப்பந்தம் போட யார் விரும்புவார்? அதைவிட உலகம் முழுவதும் பெட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் போவது எளிது. மேலும் இந்தத் தொழிலில் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தது. எட்ஜ்காஸ்ட் 2021ல் வெரைசானின் கையைவிட்டுப் போனது. மறு ஆண்டு லைம்லைட் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து எட்ஜியோ ஆனது. 2024 செப்டம்பரில் எட்ஜியோ திவால் மனு போட்டது. இன்னொரு பெரிய அமெரிக்க வலையமைப்பு நிறுவனமான லூமென், தன் சி.டி.என். வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் பலவற்றை 2023ல் ஆகமாயிடமே கொடுத்துவிட்டது.

அப்படியானால் கவலைப்பட எதுவும் இல்லையா? இருக்கிறது. கிடங்குத் தொழிலில் தோற்றாலும் வாசல் சாவி இணைய நிறுவனத்திடம்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பை விரிவுபடுத்தாமல் விட்டாலே போதும், எதையும் தடுக்க வேண்டியதில்லை. நெரிசல் தானாக வரும். 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் நேரடி இணைப்புக்காக காம்காஸ்டுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய மாதங்களில் காம்காஸ்ட் வீடுகளில் நெட்ஃபிளிக்ஸ் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது; ஒப்பந்தத்துக்குப் பின் ஏறியது.

தென் கொரியாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். எஸ்.கே. பிராட்பேண்ட் நிறுவனம் நெட்ஃபிளிக்ஸின் பெட்டியை ஏற்காமல், தன் வலையமைப்பைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் கேட்டது. 2021 ஜூனில் சியோல் நீதிமன்றம் நெட்ஃபிளிக்ஸின் வாதத்தை ஏற்கவில்லை. 2023 செப்டம்பரில் இருவரும் சமரசமாகி வழக்குகளை வாபஸ் பெற்றனர். பெரியவர்கள் இப்படிப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். ஆனால் அதே நாட்டில் நேரலைத் தளமான ட்விட்ச், வலையமைப்புக் கட்டணம் மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி 2024 பிப்ரவரி 27ல் கடையை மூடியது. அமேசானுக்குச் சொந்தமான நிறுவனத்துக்கே இந்த நிலை.

நம் நாட்டில் டிராய் 2016 பிப்ரவரியில், பார்க்கும் உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணத்தைக் கூட்டிக் குறைப்பதற்குத் தடை விதித்தது. 2017 நவம்பரில் இணைய சமநிலை பற்றிய பரிந்துரைகளையும் தந்தது. அந்தப் பரிந்துரைகளில் சி.டி.என்.களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நகல் பெட்டி வைப்பது யாருடைய வழியையும் மறிக்காது என்பதால் அதை நாம் குறை சொல்ல மாட்டோம். பெட்டிக்கான இடம் எல்லோருக்கும் ஒரே நிபந்தனையில் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. இணைப்பு தரும் நிறுவனமே சினிமா ஆப்பும் கிரிக்கெட் ஒளிபரப்பும் நடத்தும்போது இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. ஓர் ஊர் கல்வி அறக்கட்டளை தன் வகுப்புகளை சொந்தத் தளத்தில் ஏற்றினால், அதற்கு யார் கிடங்கு தருவார்? இன்று யூடியூபில் ஏற்றிவிடுகிறோம், கூகுளின் பெட்டியில் அதுவும் இலவசமாகப் பயணிக்கிறது. அதற்கு ஈடாக விளம்பரங்கள் வருகின்றன. எது அடுத்து ஓட வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள்.

அடுத்த முறை வட்டம் சுற்றினால் மோடத்தை அணைக்கும் முன், அதே நேரத்தில் வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவில் அதே வீடியோவைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடி இங்கே மட்டும் பல இரவுகள் நின்றால், மற்ற ஆப்கள் இங்கே நன்றாக ஓடினால், அந்த விவரத்தை நேரத்தோடு குறித்து இணைய நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள்.