களாச் செடியும் அதன் பயனும்

“உள்ளூர் மாடு உள்ளூரில் விலைபோகாது” என்பது பழமொழி. இது செடிகொடிகட்கும் பொருந்தும் என்பதற்குக் களாவே தக்க சான்று. கிறிஸ்துமஸ் காலத்திலே ரொட்டிக் கடைகளில் விற்கும் கேக்கின்மேற் செம்மணி பதித்தாற்போல் வைத்திருக்கும் பழத்தைச் ‘செர்ரி’ எனக் கூறி விரும்பி உண்கிறோம். அது குளிர்நாட்டிலிருந்து வந்த கனியென்றே பலரும் எண்ணுவர். ஆயின், நம் நாட்டில் அப்பெயரால் மலிவாக விற்பனவற்றுட் பெரும்பாலன சர்க்கரைப் பாகில் ஊறிச் செஞ்சாயம் ஏற்ற களாக்காய்களே. செட்டிநாட்டுப் பொட்டலில் ஆடு மேய்க்கும் சிறுவர் பறித்துத் தின்னும் அதே காய், பெயரும் நிறமும் மாறி நம்மிடமே விலைக்கு வருகின்றது.

மேனாட்டார் தம் வீட்டுக் கொல்லையில் ராஸ்பெரி என்னும் முட்செடியை வளர்த்துக் கோடையிற் கனி பறிப்பர். நமக்கும் அவ்வாறு செய்ய ஆசை உண்டாதல் இயல்பே. ஆனால் அச்செடி குளிர்காலத்தில் 7 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிரிற் பல நூறு மணி நேரம் உறங்கியெழுந்தாலன்றி நன்கு பூப்பதில்லை. அதன் இனத்தைச் சேர்ந்த மஞ்சட் கனிச் செடியொன்று நீலகிரி மலைச்சாரலில் தானே வளர்கின்றது. காரைக்குடியின் வெயிலிலோ அவ்வினத்திற்கு வாழ்வில்லை. எனவே, முட்புதரிற் கனி பறிக்கும் இன்பத்தை நாடுவோர் நம் மண்ணுக்குரிய களாவை நாடுதலே அறிவுடைமை.

காரைக்குடி என்னும் பெயரே காரை என்னும் முட்செடியால் வந்தது என்பர். காரை, சூரை, களா முதலியன இப்பக்கத்துச் செம்மண் மேட்டிலும் செம்பாறை நிலத்திலும் யாரும் நடாமலே வளர்வன. களாவில் இருவகை உண்டு. காட்டில் மிகுதியாகக் காண்பது சிறுகளா. வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றது பருத்த காய் தரும் பெருங்களா. இது அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. எங்கே கிள்ளினும் வெண்பால் வடியும். கணுதோறும் இரட்டை முட்கள் நிற்கும். மல்லிகையை ஒத்த வெண்மலர்கள் கொத்தாகப் பூத்து மணம் வீசும். காய் பசுமையிலிருந்து செம்மையாகி, முதிர்ந்தபின் கருமை பெறும்.

இக்கருமை பழந்தமிழ்ப் புலவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், பாணரது சிறிய யாழின் கரிய தண்டிற்குக் களங்கனியையே உவமை கூறினார். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்திற்குத் தலைவனான சேர வேந்தன் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் எனப் பெயர் பெற்றான். முடிசூடுங் காலத்தில் உரிய கண்ணியும் முடியும் பகைவர்பால் இருந்தமையால், களங்காயாற் கண்ணியும் நாரால் முடியும் செய்து அவன் சூடினான் என்பது பழைய உரையாசிரியர் கூற்று. வேந்தன் தலையில் ஏறிய காயை நாம் வேலியோரத்தில் மிதித்து நடக்கிறோம்.

இனி இதனை வளர்க்கும் முறையைக் காண்போம். நன்கு கறுத்த பழங்களைப் பிசைந்து விதையை எடுத்துக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்திச் சில நாட்களுக்குள்ளேயே விதைத்தல் வேண்டும். களாவிதை நெடுநாள் உயிர் தாங்காது. அடுத்த ஆண்டிற்கென முடிந்து வைத்தால் முளையாது. ஆடி, ஆவணியில் மணலும் தொழுவுரமும் கலந்த பாத்தியில் விதைத்துக் காத்தால், மறு ஆண்டு ஐப்பசி மழையில் நடுதற்குரிய கன்று கிடைக்கும். போத்து வெட்டி நட்டால் எளிதில் வேர் விடாது. மழைக்காலத்திற் கிளையை வளைத்து மண்ணிற் பதியம் போடுதல் அதனினும் நன்று.

சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதில் மிகுதியாகக் கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையிலேயே. ஆதலின் நடவுக்கு அதுவே தக்க பருவம். செம்பாறை நிலத்திற் கடப்பாரை கொண்டு ஒன்றரை அடிக் குழி தோண்டி, மேல்மண்ணோடு தொழுவுரம் கலந்து நிரப்பி நடுக. வேலியாக வளர்ப்பதாயின் கன்றுக்குக் கன்று 2 அல்லது 3 அடி போதும். தனிப் புதராக வளர்ப்பதாயின் 8 அடிக்குக் குறையாத இடம் விடவேண்டும். முதல் இரண்டு கோடைகளில் மட்டும் வாரம் ஒருமுறை நீர் ஊற்றினால், பின்பு வேர் ஆழச் சென்று தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வறட்சியைப் பொறுக்கும் இச்செடி நீர் தேங்குவதைப் பொறாது. தேங்கின் வேர் அழுகும். ஆகவே சற்று மேடான இடமே உகந்தது.

நட்ட மூன்றாம் ஆண்டிற் காய்க்கத் தொடங்கும். புதிய தளிர்களின் நுனியிலே பூங்கொத்துக்கள் தோன்றும். எனவே அறுவடை முடிந்தவுடன் காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று பின்னியவற்றையும் கழித்துவிட வேண்டும். பூத்தபின் வெட்டினால் அவ்வாண்டுப் பயன் போய்விடும். மாசி, பங்குனியிற் பூப்பவை ஏறக்குறைய மூன்றரை மாதத்திற் பழுக்கும். நன்கு வளர்ந்த புதரொன்று 3 முதல் 5 கிலோ வரை காய் தரும்.

காய் பறித்தலுக்குப் பொறுமை வேண்டும். எல்லாம் ஒருங்கே முதிர்வதில்லை. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை பறித்தல் நன்று. இடக்கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, சிறு கொக்கியாற் கிளையை இழுத்து, காம்போடு பறிக்க வேண்டும். காம்பிலிருந்து ஒழுகும் பால் கையிலும் ஆடையிலும் ஒட்டும். பறித்தவற்றை உப்புநீரில் இட்டுக் கழுவினால் அப்பசை நீங்கும். கறுத்த பழம் மூன்று நான்கு நாளே தாங்கும். ஆதலின் அகன்ற கூடையிற் பரப்பி வைப்பதே முறை. குவித்தால் நசுங்கிப் புளித்துப்போகும்.

எந்தப் பதத்திற் பறிப்பது என்பது பயனைப் பொறுத்தது. பசுங்காயைக் கீறி விதை நீக்கி, உப்பும் மிளகாயும் சேர்த்து நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றி ஜாடியில் வைத்தால் ஆண்டு முழுவதும் பழையசோற்றுக்குத் துணையாகும். செங்காயைத் துளைத்து விதை நீக்கி, நாள்தோறும் பாகின் செறிவைக் கூட்டி ஊறவைத்தால் கடையிற் காணும் செர்ரி வீட்டிலேயே கிடைக்கும். செஞ்சாயம் சேர்க்க வேண்டுவதில்லை. பழத்தை நீரில் வேகவைத்து வடிகட்டிச் சர்க்கரையிட்டுக் காய்ச்சினால் நிறமும் புளிப்பும் வாய்ந்த ஜெல்லி உண்டாகும். ‘பெக்டின்’ என்னும் பொருள் இக்காயில் நிறைந்திருப்பதால் அது தானே இறுகும்.

முன்னாளில் ஊர்ப்புறத்துத் தோட்டங்களுக்குக் களாவேலி காவலாயிருந்தது. ஆடு மாடு அதனுள் நுழையா. பறவைகள் கூடு கட்டும். வீட்டாருக்குக் காய் கிடைக்கும். இன்று கம்பிவேலியும் மதிலும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. புறம்போக்கிலோ சீமைக் கருவேலும் தைலமரமும் பரவிப் பழைய புதர்களை நெருக்குகின்றன. கம்பிவேலி துருப்பிடிக்கும், பழம் தராது. காட்டுக் களா அழிந்தபின் விதை தேடி எங்கே செல்வோம்? ஒருமுறை தப்பிய விதை மறு ஆண்டு முளையாது என்பதை மேலே கண்டோம்.

ஆகவே, கொல்லையில் ஆறடி இடமுள்ள ஒவ்வொருவரும் வரும் ஆடியில் ஒரு கைப்பிடிக் களாப்பழம் தேடி விதைப்பாராக. மூன்று கோடை கழிந்தபின் அவர்தம் இல்லத்துக் கேக்கின்மேல் அமரும் செங்கனி அவர்தம் வேலியிற் பறித்ததாயிருக்கும்.