அளவீடும் அறிவும்: அந்தாட்டிக்க ஓசோன் தரவுகள் தரும் பாடம்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைப் பேணியவர், நாள்தோறும் அதன் அளவீட்டைக் குறித்தவர், குறித்த எண்களைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தியவர், அவற்றைக் கணனிக்கு ஏற்ற வடிவில் அமைத்தவர் ஆகியோருக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. மூளையுழைப்பை உயர்ந்ததெனவும் கையுழைப்பைத் தாழ்ந்ததெனவும் பிரித்து நோக்கும் சமூக மனப்பான்மை ஆய்வுகூடத்தின் வாயிலோடு நின்றுவிடுவதில்லை. அது ஆய்வுகூடத்தினுள்ளும் நுழைந்து விடுகின்றது. கோட்பாட்டை வகுப்பது விஞ்ஞானம் என்றும், தரவுகளைப் பேணுவது எழுதுவினைஞர் வேலை என்றும் கருதும் போக்கு இன்றும் நம்மிடையே உண்டு.

இப்போக்கு எத்துணைப் பிழையானது என்பதை விளக்குவதற்கு அந்தாட்டிக்காவின் ஓசோன் படையில் ஏற்பட்ட தேய்வு கண்டறியப்பட்ட வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். மனிதர் வாழாத பனிவெளியில் நிறுவப்பட்ட ஒரு கருவி, அதன் அளவீடுகள் குவிந்த தாள்கள், அவற்றை வாசிக்க எழுதப்பட்ட செய்நிரல்கள், விண்ணில் இயங்கிய செய்மதி ஒன்றின் தரவுமுறை ஆகிய நான்கும் இவ்வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

கருவியும் களமும்

1957-58 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டினை முன்னிட்டு, பிரித்தானியாவின் றோயல் சங்கம் 1956 இல் அந்தாட்டிக்காவின் பிரண்ட் பனித்தட்டின் மீது ஹலி வளைகுடா நிலையத்தை அமைத்தது. கடலில் மிதக்கும் அப்பனித்தட்டின் மேல் ஆண்டுதோறும் பனி வீழ்ந்து குவிவதால், அங்கு முதலில் கட்டப்பட்ட நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனியினுட் புதையுண்டு நசுங்கின. கட்டடங்கள் மாறின, பணியாளர் மாறினர். ஆயினும் ஓசோன் அளவீடு மட்டும் இடையறாது தொடர்ந்தது.

அளவீட்டுக்குப் பயன்பட்ட கருவி, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டொப்சன் என்பார் 1920களில் வடிவமைத்த நிறமாலை ஒளிமானியின் வழிவந்ததாகும். அதன் தத்துவம் எளிது. சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்களுள் இரு அலைநீளங்கள் தெரிந்தெடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை ஓசோன் மிகுதியாக உறிஞ்சும். மற்றதைச் சிறிதளவே உறிஞ்சும். நிலத்தை வந்தடையும் அவ்விரு கதிர்களின் செறிவுகளையும் ஒப்பிட்டால், இடையில் எவ்வளவு ஓசோன் உள்ளதென்பதைக் கணிக்கலாம். இவ்வளவு டொப்சன் அலகுகளிற் கூறப்படும். வளிமண்டலத்தின் ஓசோன் முழுவதையும் நியம வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் நிலமட்டத்திற் படியச் செய்தால் உண்டாகும் படையின் தடிப்பு 1 மில்லிமீற்றராயின், அது 100 அலகுகளாகும். உலகின் சராசரி ஏறத்தாழ 300 அலகுகள். அதாவது உயிரினங்களைக் கழியூதாக் கதிரிலிருந்து காக்கும் அரணின் தடிப்பு வெறும் 3 மில்லிமீற்றரே.

தத்துவம் எளிதாயினும் செயல்முறை எளிதன்று. நோக்குநர் கருவியின் வட்டத்தட்டைக் கையாற் சுழற்றி, இரு கதிர்களும் சமநிலை எய்தும் புள்ளியைக் கண்டு அதன் எண்ணைக் குறிக்க வேண்டும். நோக்கிய நேரத்தையும் வானின் நிலைமையையும் உடன் குறிக்க வேண்டும். அந்நேரத்திற் சூரியன் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பது பின்னர் கணிக்கப்படும். கருவியின் இயல்பு காலப்போக்கில் மாறக்கூடுமாதலால் நியம விளக்கொன்றைக் கொண்டு அதனை அடிக்கடி சோதிக்கவும் வேண்டும். இவையனைத்தும் கூடினால்தான் வட்டத்தட்டின் ஓர் எண் ஓசோனின் அளவாக மாறும். எனவே ‘அளவீடு’ என நாம் சுருக்கமாக வழங்குவது, உண்மையிற் பலருடைய கவனமும் உழைப்பும் தொடர்ந்து சேர்ந்த ஒரு தொகுப்பு என்பது கருத்திற் கொள்ளற்பாலது.

தேங்கிய தாள்கள்

ஹலி நிலையத்திற் கையால் எழுதப்பட்ட அளவீட்டுத் தாள்கள் கப்பலேறிப் பிரித்தானியாவை வந்தடைந்தன. அவற்றைத் திருத்திக் கணிப்பது நெடும்பணி. ஆகையால் 1970களின் பிற்பகுதியிற் பல ஆண்டுகளின் தாள்கள் தேங்கிக் கிடந்தன. 1977 இற் பிரித்தானிய அந்தாட்டிக்க ஆய்வு நிறுவனத்திற் சேர்ந்த ஜொனதன் ஷங்ளின் என்னும் இளைஞரிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. தாளிலுள்ள எண்களைக் கணனியில் ஏற்றுவதும், பதிவிற் பிழை நேர்ந்துளதா எனச் சரிபார்ப்பதும், கணிப்புக்கான செய்நிரல்களை எழுதுவதும் அவருடைய கடமைகளாயின. புகழ் தேடித்தரும் பணியாக அன்று எவரும் இதனைக் கருதியிருக்க முடியாது.

குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் படைமண்டலத்தை அடைந்து சிதைந்து, விடுபடும் குளோரீனால் ஓசோனை அழிக்கக்கூடும் என்பதை மொலினாவும் றோலண்டும் 1974 இலேயே எடுத்துக்காட்டியிருந்தனர். ஆயினும் அத்தேய்வு மெதுவாக, பல பத்தாண்டுகளிற் சிறு வீதமாகவே நிகழும் என மாதிரிக் கணிப்புகள் கூறின. பொதுமக்கள் நிறுவனத்தைப் பார்வையிட வரும் நாளுக்கென, ஓசோனில் மாற்றமெதுவும் நிகழவில்லை எனக் காட்டும் நோக்குடனேயே ஷங்ளின் தரவுகளை வரைபாக்கினார். ஆனால் வசந்தகால அளவுகள் முன்னைய ஆண்டுகளினும் வெகுவாகக் குறைந்திருந்தமையை வரைபு காட்டிற்று.

இந்நிலையில் உடனே எழும் வினா, குறைந்தது ஓசோனா அன்றிக் கருவியின் நம்பகத்தன்மையா என்பதாகும். ஜோசப் ஃபாமன், பிரையன் காடினர், ஷங்ளின் ஆகிய மூவரும் இவ்வினாவை முறையாக ஆராய்ந்தனர். புதிய கருவியொன்று ஹலிக்கு அனுப்பப்பட்டது. அதுவும் அதே தாழ்வைக் காட்டியது. வடக்கேயுள்ள ஆஜன்ரீனத் தீவுகள் நிலையத்தின் தரவுகளிலும், சிறிய அளவிலேனும், அதே போக்குத் தென்பட்டது. 1985 மே 16 ஆம் திகதிய ‘நேச்சர்’ இதழில் அவர்களது கட்டுரை வெளியாயிற்று. தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 300 அலகுகளாக இருந்த ஒக்டோபர் மாதச் சராசரி, 1984 இல் ஏறத்தாழ 200 அலகுகளாக வீழ்ந்திருந்தமையை அது உலகறியச் செய்தது.

செய்மதி கண்டதும் காணாததும்

இங்கு மற்றொரு வினா எழுகின்றது. 1978 ஒக்டோபரில் ஏவப்பட்ட நாசாவின் நிம்பஸ்-7 செய்மதி உலகம் முழுவதன் ஓசோனையும் நாள்தோறும் அளந்து வந்தது. அவ்வாறாயின், பனித்தட்டின் மீது நின்ற பழங்கருவி கண்டதை அது காணாதது ஏன்? ‘கணனி தரவுகளை அழித்துவிட்டது’ என்னும் விடை பரவலாக வழங்குகின்றது. கேட்பதற்குச் சுவையானதாயினும் இவ்விடை முழு உண்மையன்று.

நடந்தது வேறு. 180 அலகுகளிற் குறைந்த பெறுமானங்கள் ஐயத்துக்குரியவை எனக் குறியிடுமாறு செய்மதித் தரவுகளுக்கான செய்நிரல் அமைக்கப்பட்டிருந்தது. அதுவரை அத்தகைய தாழ்ந்த பெறுமானங்களை எவரும் கண்டிராமையே அதற்குக் காரணம். தரவுகள் அழிக்கப்படவில்லை, குறியிடப்பட்டு வைக்கப்பட்டிருந்தன. 1983 ஒக்டோபர் மாதத் தரவுகளில் இக்குறிகள் அந்தாட்டிக்காவின் மேற் செறிந்து கிடப்பதை நாசா விஞ்ஞானிகள் 1984 இல் அவதானித்தனர். அவர்கள் அதனைத் தென்துருவ நிலையத்தின் டொப்சன் கருவி அளித்த தரவுகளோடு ஒப்பிட்டனர். அத்தரவுகளோ 300 அலகுகளையண்டிய இயல்பான அளவையே காட்டின. அங்கு அலைநீளங்கள் பிழையாகத் தெரிவு செய்யப்பட்டிருந்தன என்பது பின்னரே தெரியவந்தது. ஐயம் தீர்வதற்குள் ஹலி நிலையத்தின் கட்டுரை வெளிவந்துவிட்டது. 1986 இல் வெளியான செய்மதித் தரவுகள், தேய்வு ஒரு கண்டத்தின் பரப்புக்கு விரிந்தது என்பதை உறுதிப்படுத்தின.

இந்நிகழ்ச்சியிலிருந்து இயந்திரத்தின் மீது மனிதன் கொண்ட வெற்றி என்னும் முடிவுக்கு வருவது தவறாகும். தென்துருவத்தில் வழுவியது மனிதர் கையாண்ட கருவியே. மறுபுறம், 180 என்னும் எல்லையைக் கணனி தானாக வகுத்துக் கொள்ளவுமில்லை. அன்றைய விஞ்ஞானிகளின் பட்டறிவே எண்ணாக மாறிச் செய்நிரலில் அமர்ந்திருந்தது. எந்தத் தரவுமுறையும் நடுநிலையான பாத்திரமன்று. எதை இயல்பெனக் கொள்வது, எதை ஐயுறுவது என்னும் முன்முடிவுகள் அதனுட் பொதிந்துள்ளன. அவ்வாறான முன்முடிவுகள் தவிர்க்க முடியாதவை. ஏனெனில் உண்மையாகவே பழுதடைந்த அளவீடுகளும் உண்டு. அவற்றை மறைவின்றிப் பதிவு செய்வதும், குறியிடப்பட்டவற்றை மீண்டும் மீண்டும் நோக்குவதும், எல்லாவற்றுக்கும் மேலாக மூல அளவீட்டை அழியாது வைத்திருப்பதுமே தக்க வழியாகும். மூலத்தரவுகள் பேணப்பட்டிருந்தமையாலேயே நாசாவின் தரவுகளை மீளக் கணிக்க முடிந்தது. ஹலி நிலையத்தின் வலிமையும் இதுவே. பழைய தாள்கள் கைவசம் இருந்தமையால், 1984 ஐ 1957 உடன் ஒரே அளவுகோலால் ஒப்பிட முடிந்தது.

தரவிலிருந்து உடன்படிக்கைக்கு

கண்டறிதலை அடுத்துக் காரணம் தேடும் முயற்சி விரைந்தது. துருவக் குளிர்காலத்திற் படைமண்டலத்தில் உருவாகும் முகில்களின் துணிக்கைகளின் மேற் குளோரீன் சேர்வைகள் தாக்கமுற்று, வசந்தகாலச் சூரிய ஒளி பட்டவுடன் ஓசோனை விரைவாக அழிக்கும் என்னும் விளக்கத்தை சூசன் சொலமனும் அவர்தம் சகாக்களும் 1986 இல் முன்வைத்தனர். 1987 இற் சிலி நாட்டின் புந்தா அரினாஸ் நகரிலிருந்து பறந்த ஆய்வு விமானங்கள், குளோரீன் ஓரொட்சைட்டு மிகுந்த இடங்களில் ஓசோன் குறைந்திருப்பதை நேரிற் காட்டின. அதே ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் திகதி மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. இலங்கையும் 1989 இல் அதில் இணைந்தது. 2009 இல் உலகநாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையாக அது விளங்கிற்று.

உடன்படிக்கையோடு தரவுப்பணி முடிந்துவிடவில்லை. உற்பத்தி முற்றாகத் தடைசெய்யப்பட்ட சீஎப்சீ-11 என்னும் வாயுவின் செறிவு, எதிர்பார்த்த வேகத்திற் குறையவில்லை என்பதைத் தொலைவிட நிலையங்களின் நீண்டகாலத் தரவுகளைக் கொண்டு 2018 இல் விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினர். கொரியாவின் கோசான், யப்பானின் ஹதெருமா நிலையங்களின் அளவீடுகள் அவ்வெளியேற்றத்தின் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வந்ததென 2019 இற் காட்டின. அதன்பின் வெளியேற்றம் வீழ்ச்சியுற்றது. அளப்பவர் இல்லையெனில் உடன்படிக்கை வெறும் தாளே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஹலி நிலையமும் மாறியுள்ளது. பனித்தட்டில் விரிந்த வெடிப்புகள் காரணமாக நிலையம் இடம் மாற்றப்பட்டதோடு, 2017 முதற் குளிர்காலத்தில் அங்கு எவரும் தங்குவதில்லை. நுண்சுழலி ஒன்று தானாக இயங்கி மின் வழங்க, தானியக்கமாக்கப்பட்ட கருவிகள் தம் அளவீடுகளைச் செய்மதி வழியாகக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்புகின்றன. வட்டத்தட்டைச் சுழற்றிய கைகளின் இடத்தை இன்று மின்கலங்களையும் செய்நிரல்களையும் தொலைத்தொடர்பையும் பேணும் பொறியியலாளர் ஏற்றுள்ளனர். கருவி செயலிழப்பின், அடுத்த கோடைவரை அதனைத் தொடுவார் இலர். ஆகவே முன்கூட்டியே எண்ணிச் செய்யும் உழைப்பின் தேவை பெருகியதேயன்றிக் குறையவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் வந்தடையும் முடிவுகள் இரண்டு. முதலாவது, தரவுகளைத் திரட்டிப் பேணும் உழைப்பு விஞ்ஞானத்துக்கு முந்திய ஆயத்தமன்று; அது விஞ்ஞானமேயாகும். இரண்டாவது, அவ்வுழைப்பின் பயன் உடனடியாகத் தெரிவதில்லை. 1957 இல் ஓசோனை அளந்தவர் எவரும் குளோரோபுளோரோகாபனைத் தேடி அளக்கவில்லை. உடனடிப் பயனை மட்டும் கேட்கும் கணக்காளரின் நோக்கில் அவ்வளவீடுகள் வீண்செலவாகவே தோன்றியிருக்கும். அத்தகைய நோக்கு மேலோங்கி, இருபதாண்டுத் தொடர் இடையில் அறுந்திருப்பின், தேய்வைத் தேய்வென இனங்காண்பதற்கு ஒப்பிடும் அடிப்படையே இருந்திராது.

அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் 1980 ஆம் ஆண்டின் நிலையை ஏறத்தாழ 2066 அளவில் மீண்டும் எய்தும் என 2022 இன் சர்வதேச மதிப்பீடு கூறுகின்றது. இக்கூற்றின் உண்மையைச் சோதிக்கப் போகின்றவர்களுட் பலர் இன்னும் பிறக்கவில்லை. அவர்களுக்கு நாம் விட்டுச் செல்லக்கூடியவை, அறுபடாத அளவீட்டுத் தொடரும் அதனை வாசிப்பதற்கு வேண்டிய முழுமையான குறிப்புகளுமே. அவற்றை உருவாக்கிப் பேணுவோரின் உழைப்புக்கு உரிய ஊதியத்தையும் மதிப்பையும் அளிப்பது, விஞ்ஞானத்தை மக்களின் பொதுச்சொத்தாகக் கருதும் எவருக்கும் கடமையாகும்.