மடை திறப்பவனும் மடை அடைப்பவனும்

வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கலாகாது என்பர் பெரியோர். ஆயினும் ஆண்மைக் குறைவு என்னும் தொல்லை நேர்ந்துவிட்டால், நம்மில் பலர் மனைவியிடங்கூட வாய் திறப்பதில்லை. சுவரில் ஒட்டிய விளம்பரத்தையோ, நண்பர் இரகசியமாகத் தரும் மாத்திரையையோ நம்பி விடுகிறோம். இந்த மௌனம் வெறும் மானத்தைப் பற்றிய செய்தியன்று. சில வேளைகளில் உயிரைப் பற்றிய செய்தியாகும். அது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

ஆண்குறியினுள் கடற்பஞ்சினை ஒத்த திசுக்கள் அமைந்துள்ளன. மனத்தில் இச்சை எழும்போது, அங்குள்ள நரம்பு நுனிகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சிறிதளவு வெளியிடுகின்றன. அதன் தூண்டுதலால் சைக்ளிக் ஜி.எம்.பி. என்னும் பொருள் தோன்றித் தசைகளைத் தளர்த்துகிறது, குழாய்கள் விரிகின்றன, இரத்தம் புகுந்து பஞ்சுத் திசுவை நிரப்புகிறது. இதுவே விறைப்பு. பின்னர், பி.டி.இ.-5 என்னும் நொதி அப்பொருளைச் சிதைத்து, உறுப்பைப் பழைய நிலைக்குக் கொணர்கிறது.

வயலுக்கு நீர் பாய்ச்சும்போது மடை திறப்பவன் ஒருவன், அடைப்பவன் ஒருவன் என்று கொள்வோம். வாயு திறப்பவன், நொதி அடைப்பவன். மாத்திரை செய்வதெல்லாம் அடைப்பவனின் கையைச் சற்று நேரம் பிடித்து வைப்பதேயாகும். திறப்பவன் வாராவிடில் நீர் பாயாது. ஆதலால் இம்மருந்து இச்சையை உண்டாக்குவதில்லை. பிள்ளைப் பேற்றை அளிப்பதும் இல்லை.

இவ்வகையில் முதலில் வந்த மருந்து சில்டெனாபில். இங்கிலாந்தில் சாண்ட்விச் என்னும் ஊரிலிருந்த ஆராய்ச்சிக் கூடத்தில், மார்வலி எனப்படும் இருதய நோவுக்காகவே இதனை ஆராய்ந்தனர். அந்நோவுக்கு எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஆனால் மருந்தை உண்டு பார்த்த ஆடவர்களிடம் இப்புதிய விளைவு தெரிந்தது. 1998 மார்ச்சில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது. நைட்ரிக் ஆக்ஸைடு இரத்தக் குழாய்களில் செய்யும் பணியை விளக்கிய பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1998-இல்தான்.

மருத்துவர் பெரும்பாலும் 50 மில்லிகிராம் அளவில் தொடங்குவார். முதியோருக்கும், கல்லீரல் அல்லது சிறுநீரகம் நலிந்தோருக்கும் 25 மில்லிகிராம் போதும். உறவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னர், நாளைக்கு ஒரு முறைக்கு மேற்படாமல் உண்ண வேண்டும். கொழுப்பு மிக்க விருந்துக்குப் பின் உண்டால் பயன் தாமதமாகும். தடாலபில் என்னும் மற்றொரு மருந்தின் பயன் 36 மணி நேரம் வரை நீடிக்கும். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, அஜீரணம் ஆகியவை சிலருக்கு நேரலாம். விறைப்பு 4 மணி நேரத்திற்கு மேல் நீடித்தாலும், பார்வையோ செவிப்புலனோ திடீரெனக் குன்றினாலும், நாணம் பாராது ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும்.

இனி அபாயத்திற்கு வருவோம். மார்வலிக்காரர்கள் நாவின் அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரேட் மாத்திரையும் இதே நைட்ரிக் ஆக்ஸைடு வழியாகவே பணி புரிகிறது. அது உடலெங்கும் மடைகளைத் திறந்துவிடுகிறது. அவ்வேளையில் அடைப்பவன் கையும் கட்டுண்டு கிடந்தால் என்ன ஆகும்? இரத்த அழுத்தம் சட்டென்று வீழ்ந்து, மயக்கமும் மரணமுங்கூட நேரலாம். ஆகவே, நைட்ரேட் உண்போர் இம்மருந்தைத் தொடவே கூடாது. சில்டெனாபில் உண்ட 24 மணி நேரத்திற்குள்ளும், தடாலபில் உண்ட 48 மணி நேரத்திற்குள்ளும் மார்வலி கண்டால், நைட்ரேட் மாத்திரையை நாமாக வாயிலிடாமல், ஆஸ்பத்திரிக்குச் சென்று உண்டதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே மறைத்தால், உயிர் காக்க வேண்டிய மருந்தே கேடாய் முடியும். மனைவியும் இதனை அறிந்திருத்தல் நலம். நோயாளி பேச இயலாதபோது சொல்ல வேண்டியவர் அவரே அன்றோ?

புராஸ்டேட் வீக்கத்திற்குரிய சில மருந்துகளும் இதனுடன் சேர்ந்து அழுத்தத்தைத் தாழ்த்தும். நம் நாட்டிலே இம்மருந்தை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். வெறும் மூலிகை என்று விற்கப்பட்ட லேகியங்களிலும் பொடிகளிலும் சில்டெனாபில் கலந்திருந்தது பன்முறை கண்டறியப்பட்டுள்ளது. அத்தகையதை உண்பவர், தாம் உண்டது இன்னதென்று தாமே அறியார்.

மற்றொன்றும் உண்டு. இவ்வுறுப்பின் இரத்தக் குழாய்கள் இருதயத்தின் குழாய்களைவிடக் குறுகியவை. கொழுப்புப் படிந்தால் முதலில் தடைப்படுவது இங்கேயாகலாம்; மார்வலி சில ஆண்டுகள் கழித்து வரலாம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் புகைப்பழக்கமும் இவ்வாறே முதற்கண் தலை காட்டக்கூடும். கவலையும் மனச்சோர்வும் காரணமாவதும் உண்டு. காரணத்தை ஆராயாது மாத்திரையை மட்டும் விழுங்குவது, வீட்டு வாயிலில் எச்சரிக்க வந்தவனை வாயடைத்து அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இக்குறை பழிக்கத்தக்கதன்று; மற்ற நோய்களைப் போன்றதொரு நோயே. மருத்துவரிடம் நாம் உண்ணும் எல்லா மருந்துகளையும் சொல்லி, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொண்டு, அதன் பின்னரே மாத்திரையை நாடுவோம். இல்லறமும் செழிக்கும், இருதயமும் காக்கப்படும்.