ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் இழை

குழாயைத் திறந்து குடத்தை நிரப்புகிறீர்கள். நீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. மணமில்லை, நாவில் வைத்தால் வேறு சுவையுமில்லை. ஆனால் அந்த நீரில் ஈயம் கரைந்திருந்தாலும் அது உங்கள் கண்ணுக்கோ நாவுக்கோ அகப்படாது. கொதிக்கவைத்தால் போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். நீர்தான் ஆவியாகும், ஈயம் பானையிலேயே தங்கும்.

பழைய ஈயக் குழாய்கள், சுவரிலிருந்து உரியும் பழைய பெயின்ட், பற்றரிகளை உருக்கும் இடத்து மண் என்று அது வீட்டுக்குள் வரும் வழிகள் பல. சில வகைச் சுர்மாத் தூளிலும் ஈயம் உண்டு. பிள்ளையின் கண்ணுக்கு இடும் முன், அது எதை அரைத்துச் செய்யப்பட்டது என்று கேட்டறியுங்கள். வளரும் குழந்தையின் மூளையைத்தான் ஈயம் முதலில் தாக்குகிறது. தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014 ஆம் ஆண்டு குடிநீர் எடுக்கும் இடத்தை மாற்றினார்கள். புதிய நீர் பழைய குழாய்களை அரித்து, ஈயத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் கையிலெடுத்த பொருள்களுள் ஒன்று என்ன தெரியுமா? டீ.என்.ஏ. இழை!

டீ.என்.ஏ. என்றதும் தாயின் கண்ணும் தந்தையின் மூக்கும் பிள்ளைக்கு வந்த கதைதான் நம் நினைவுக்கு வரும். பரம்பரைச் செய்தியை எழுதிவைத்த நீண்ட இரட்டை ஏணி அது. எழுதிவைத்த புத்தகம் சமையல் செய்யுமா? செய்யாது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். உடலில் வேலை செய்பவை நொதியங்கள் எனப்படும் புரதங்களே என்பது பாடம். டீ.என்.ஏ.யின் உடன்பிறப்பான ஆர்.என்.ஏ.யும் நொதியம்போல் வேலை செய்யும் என்று காட்டிய சிட்னி ஓல்ட்மனுக்கும் தோமஸ் செக்கிற்கும் 1989 இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போதும் டீ.என்.ஏ. புத்தகமாகவே இருந்தது.

1994 இல் கலிபோர்னியாவில் ரொனால்ட் பிரேக்கர், ஜெரால்ட் ஜொய்ஸ் என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். எழுத்து வரிசை தாறுமாறான ஒற்றை டீ.என்.ஏ. இழைகளை, கோடியைக் கோடியால் பெருக்கினால் வருமளவுக்கு, ஆய்வுகூடத்தில் உண்டாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் வெட்டத்தக்க இடமாக ஒரேயொரு ஆர்.என்.ஏ. எழுத்தை வைத்து, அவற்றை ஓரிடத்தில் ஒட்டிவைத்து, ஈயக் கரைசலை ஊற்றினார்கள். தன்னைத்தானே வெட்டிக்கொண்ட இழைகள் மட்டும் கழன்று விழுந்தன. அவற்றைப் பெருக்கி மறுபடியும் அதே சோதனை. சுளகில் போட்டுப் புடைப்பதுபோலப் புடைத்துப் புடைத்து, வெட்டும் திறமை உள்ளவற்றை எடுத்தார்கள். எந்த உயிரின் உடலிலும் இதுவரை காணப்படாத பொருள் இது, முழுக்க மனிதர் தேடி எடுத்தது.

ஒரு நூலுக்கு வெட்டும் திறமை எப்படி வந்தது? வடிவத்தால் வந்தது. ஒற்றை இழைக்குத் துணை இழை இல்லாததால் அது தன்மீதே மடியலாம். தையல் நூலை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் அது தானாகவே சுருண்டு கண்ணி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் எந்த எழுத்து எதனுடன் சேரும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. 1997 இல் ஜொய்ஸின் ஆய்வுகூடத்தில் கிடைத்த ‘8-17’ என்ற இழையில் வேலை செய்யும் நடுப்பகுதி சுமார் 15 எழுத்துகள்தாம். இரு பக்கமும் உள்ள கைகள் வெட்டவேண்டிய இழையைப் பிடித்துக்கொள்ளும்.

மடிவதற்கு ஒரு தடையும் உண்டு. உலர்ந்த கூந்தலைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரினால் முடிகள் ஒன்றையொன்று விலக்கிப் பறக்கின்றன அல்லவா? ஒரே மின்னேற்றம் பெற்றவை ஒன்றையொன்று தள்ளும். டீ.என்.ஏ. இழை நெடுகிலும் எதிர் மின்னேற்றம் இருப்பதால் அதன் பாகங்களும் நெருங்க மறுக்கின்றன. நேர் மின்னேற்றமுள்ள மக்னீசியம், நாகம் போன்ற உலோகங்கள் இடையில் வந்து சமாதானம் செய்தால்தான் இழை நன்றாக மடியும்.

இதைக் கண்ணால் காணவும் வழி செய்தார்கள். இழையின் ஓரிடத்தில் பச்சைச் சாயமும் இன்னோரிடத்தில் சிவப்புச் சாயமும் கட்டிவிட்டு, பச்சையை மட்டும் ஒளியூட்டினால், இரண்டும் தூரத்தில் இருக்கும்போது பச்சை ஒளிரும்; நெருங்கினால் சிவப்பு ஒளிரும். இலினோய் பல்கலைக்கழகத்தில் யீ லூ, தேக்ஜிப் ஹா ஆகியோரின் குழுக்கள் 8-17 இழைகளை ஒவ்வொன்றாக இவ்வாறு கவனித்து 2007 இல் முடிவை வெளியிட்டன. மக்னீசியமோ நாகமோ சேர்த்தபோது இழை முதலில் மடிந்தது, பின்னர் வெட்டியது. ஈயம் சேர்த்தபோதோ, மடியும் அந்தப் படியே காணப்படவில்லை. நேரே வெட்டு விழுந்தது!

ஈயம் வந்து அமர்வதற்கான இடம் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கிறது போலும், அதனால்தான் ஈயத்துடன் மட்டும் இவ்வளவு வேகம் என்று அவர்கள் கருதினார்கள். ஊகம் வீண்போகவில்லை. 2017 இல் சீன விஞ்ஞானிகள் இந்த இழையைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிரால் வடிவத்தை அளந்தபோது, அது ஆங்கில ‘வீ’ எழுத்தைப்போல் வளைந்திருந்தது. முன்பே ஒழுங்காக அமைந்த ஒரு குழியில் ஈயம் உட்கார்ந்திருந்தது. மற்ற விருந்தாளிகளுக்கு வந்த பிறகே பாய் விரிக்கும் வீடு, இவருக்கு மட்டும் விரித்தே வைத்திருக்கிறது!

பயன் இந்த விளக்கங்களுக்கு முன்பே வந்துவிட்டது. 2000 ஆம் ஆண்டிலேயே லூவின் ஆய்வுகூடத்தில், வெட்டப்படும் இழையில் ஒளிரும் சாயத்தையும், அருகே அந்த ஒளியை அணைக்கும் பொருளையும் பொருத்தினார்கள். ஈயம் வந்தால் இழை துண்டாகும், சாயம் விலகி ஒளிரும். 2003 இல் சாயத்துக்குப் பதிலாகப் பொன் வந்தது. மிக நுண்ணிய பொன் துகள்கள் நீரில் தனித்தனியே நின்றால் சிவப்பாகத் தோன்றும், கூட்டமாகச் சேர்ந்தால் நீலமாகும். அவற்றை இந்த இழைகளால் பிணைத்து நீலமாக்கி வைத்தார்கள். ஈயம் கலந்த நீரில் இழைகள் வெட்டுண்டு துகள்கள் பிரிந்துவிடும். கண்ணாடிக் குழாயில் நீலம் மாறிச் சிவப்புத் தெரிந்தால், அந்த நீரில் ஈயம் இருக்கிறது.