கரிக்கட்டை ஸ்டம்ப்!

தேனி, சின்னமனூர், கம்பம்... எந்த ஊர்த் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு சுவரில் கரிக்கட்டையால் வரைந்த மூன்று ஸ்டம்ப் இருக்கும். வெள்ளையடித்த மறுநாளே மறுபடி முளைத்துவிடும். வீட்டுக்காரருக்கு எரிச்சல்தான்!

ஆனால், சுவர்க் கிறுக்கல் பொக்கிஷமான கதையும் உண்டு. இலங்கையில், காசியப்ப மன்னன் 5-ம் நூற்றாண்டில் கட்டிய சிகிரியா மலைக்கோட்டையில் பளபளப்பான 'கண்ணாடிச் சுவர்' இருக்கிறது. பிற்காலத்தில் வந்தவர்கள், அங்குள்ள ஓவியப் பெண்களின் அழகில் சொக்கிப்போய், அந்தச் சுவரில் பாட்டாகவே கீறிவிட்டுப் போனார்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து, 1956-ல் புத்தகமாக்கினார். இன்று கிடைக்கும் மிகப் பழைய சிங்களக் கவிதைகளில் அவையும் அடக்கம்.

2015-ல் மட்டக்களப்பைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் அதே சுவரில் தன் பெயரைக் கீறினார். இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை! பிறகு ஜனாதிபதியின் மன்னிப்பால் விடுதலையானார்.

பழைய சுவரைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனாலும், அன்று பாட்டு எழுதியவருக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஒரே ஆசைதான்: 'நானும் இங்கே வந்தேன்!'

நம் வீட்டுச் சுவருக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லையே? வருகிற பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, அந்த மூன்று கோட்டை மட்டும் விட்டுவிடுங்களேன்!