வெந்நீரில் வாழும் உயிர்கள்

காரைநகர் மாணவர் வெந்நீரூற்றைக் காண விரும்பினால், பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து திருகோணமலைவரை செல்லவேண்டும். அங்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் அவற்றை உண்டாக்கினான் என்பது ஐதிகம்.

எரிமலை இல்லாத இலங்கையில் நீர் சுடுவது எவ்வாறு? மழைநீர் பாறைப் பிளவுகளினூடே ஆழத்துக்கு இறங்குகிறது; அங்குள்ள வெப்பத்தை ஏற்று மீண்டும் மேலெழுகிறது. கன்னியாவின் நீர் ஏறக்குறைய 40 பாகை செல்சியசு வெப்பமுடையது. அம்பாறை மாவட்டத்து மகா ஓயா ஊற்று 50 பாகையையும் கடந்தது.

இத்தகைய நீரிலும் உயிர்கள் வாழ்கின்றன. 1966இல் அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றுகளை ஆராய்ந்த பேராசிரியர் தோமஸ் புரொக்கும், பட்டப்படிப்பு மாணவராயிருந்த ஹட்சன் பிரீசும், 70 பாகை வெப்பத்திலே செழித்து வளரும் பற்றீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தனர். சாதாரண நொதியங்கள் கடுஞ்சூட்டில் சிதைந்துவிடும். இதன் நொதியமோ சிதைவதில்லை. ஆகையால், மரபணுப் பொருளை மீண்டும் மீண்டும் சூடாக்கிப் படியெடுக்கும் முறைக்கு அது உறுதுணையாயிற்று. 2020இல் கொரோனாத் தொற்றை உலகெங்கும் கண்டறிய உதவியது அம்முறையே. ஒரு மாணவர் ஊற்றுநீரைக் கூர்ந்து ஆராய்ந்ததன் பயன் எத்துணைப் பெரிது!

கன்னியாவுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் வெப்பமானியும் குறிப்பேடும் கொண்டு செல்லட்டும். ஏழு கிணறுகளின் வெப்பத்தையும் தனித்தனியே அளந்து ஒப்பிடட்டும். கல்லில் படிந்துள்ள பாசியின் நிறத்தைச் சுரண்டாமல் நோக்கிக் குறிக்கட்டும். சவர்க்காரம் அந்நீரிற் கலவாதிருக்கட்டும். நீராடுவது அதன் பின்னரே ஆகுக.