புல்தரைப் பராமரிப்பாளர் மகனின் கோல்ஃப் வெற்றிகள்

புது தில்லி: அமைச்சர்கள், நீதிபதிகள், உயரதிகாரிகள் ஆகியோரின் பொழுதுபோக்காகவே தலைநகரில் அறியப்பட்ட கோல்ஃப் ஆட்டத்தில், கொல்கத்தாவைச் சேர்ந்த எளிய குடும்பத்து வீரர் ஒருவர் பெற்ற வெற்றிகள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. அவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா.

1829-இல் தொடங்கப்பட்டது ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப். பிரிட்டனுக்கு வெளியே உருவான மிகப் பழமையான கோல்ஃப் கிளப் இதுவே. இங்கு புல்தரையைப் பராமரித்து வந்த ஊழியரின் மகனாக 1978-இல் பிறந்தார் சௌராசியா. பயிற்சியாளர் யாருமின்றித் தாமாகவே ஆட்டத்தைக் கற்று, 1997-இல் தொழில்முறை வீரரானார். குழிக்கு அருகிலிருந்து பந்தை மெல்லத் தூக்கி அடிக்கும் 'சிப்', தரையோடு உருட்டிவிடும் 'பட்' ஆகிய இரண்டிலும் அவருக்கிருந்த தேர்ச்சி, 'சிப்புட்சியா' என்ற பட்டப் பெயரையே பெற்றுத் தந்தது.

2008 பிப்ரவரியில் தில்லி கோல்ஃப் கிளப்பில் நடைபெற்ற இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றதன் மூலம், ஐரோப்பிய டூர் போட்டியில் வாகை சூடிய மூன்றாவது இந்தியரானார். 2011-இல் அவந்தா மாஸ்டர்ஸ் பட்டமும் அவர் வசமானது.

ஆனால், இந்திய ஓபன் பட்டம் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. 1999, 2006, 2013, 2015 என நான்கு முறை இரண்டாமிடமே கிடைத்தது. 2015-இல் பிளே-ஆஃப் ஆட்டத்தில் அனிர்பன் லாஹிரியிடம் தோற்றார். அடுத்த ஆண்டு அதே தில்லி மைதானத்தில் லாஹிரியைப் பின்னுக்குத் தள்ளிப் பட்டத்தை வென்றார். 2017-இல் குர்கானில் ஏழு ஸ்ட்ரோக்குகள் வித்தியாசத்தில் அதைத் தக்கவைத்தார். 112 ஆண்டுகளுக்குப் பின் கோல்ஃப் இடம்பெற்ற 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் ஆடினார். 2017-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

இப்படி உயர்ந்தவர் இவர் மட்டுமல்லர். 1991-இல் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரரான அலி ஷேர், தில்லி கிளப்பில் மட்டைப் பை சுமக்கும் 'கேடி'யாக இருந்தவர். 2009-இல் பட்டம் வென்ற முனியப்பாவும் பெங்களூரில் கேடியாக இருந்தவரே.

உறுப்பினர் பட்டியலில் இடம்பெற வாய்ப்பே இல்லாதவர்கள், பணியாளர் வாயில் வழியாக உள்ளே வந்து நாட்டுக்குப் பெருமை சேர்த்துள்ளனர். ஆனால், வாயிலின் மனப்போக்கு மாறியதா என்பது வேறு கேள்வி. சௌராசியா அர்ஜுனா விருது பெற்ற அதே 2017-இல், மேகாலயத்தின் பாரம்பரிய உடை அணிந்து விருந்தினராக வந்த பெண்ணை தில்லி கிளப்பிலிருந்து வெளியேறச் சொன்னது நாடு முழுவதும் கண்டனத்துக்கு உள்ளானது.

கிரிக்கெட் ஆடத் தெரு போதும். கோல்ஃபுக்குப் பரந்த நிலம் வேண்டும். தில்லி கிளப் அமைந்திருப்பது மத்திய அரசு குத்தகைக்கு விட்ட நிலத்தில். பொது நிலத்தில் இயங்கும் இத்தகைய கிளப்புகள், ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் சுற்றுவட்டார மாணவர்களுக்கும் பயிற்சி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே அரசு சேர்க்கலாம். அடுத்த சௌராசியா உருவாவது தற்செயலை மட்டுமே நம்பி இருக்கலாகாது.